ஒரு ஸ்பீக்கரில் இருந்த குரல் இரண்டில் எங்கே போனது?

"டீச்சர், கார்ல போறப்ப பாட்டு நல்லா கேக்கணுமா, சுலபமா கேக்கணுமா? ரெண்டுல ஒண்ணுதான் சொல்லணும்."

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு, மதிய இடைவேளையில் எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியை கேட்ட கேள்வி இது. அவர் அப்போதுதான் கார் வாங்கியிருந்தார். பாட்டுக்கு பென் டிரைவ் போடுவதா, போனிலிருந்து ப்ளூடூத்தில் கேட்பதா என்று அவர் வீட்டில் ஒரு வாரமாக வாக்குவாதம். முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவளிடம் பதில் இருக்கும் என்று நம்பிக் கேட்டார். "ரெண்டும் வேணும்" என்றேன். "இது பதில் இல்ல, பேராசை" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினார்.

இந்த வருடம் நாங்களும் ஒரு பழைய கார் வாங்கினோம். அதிலிருந்த பிளேயர் குறுந்தகட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. மூவாயிரம் ரூபாய்க்கு ஏதாவது ஒன்றை மாட்டினால் போதும் என்பது என் கணவரின் கருத்து. கேட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை என்பது என்னுடையது. கார் சாமான் கடைகள் வரிசையாக இருப்பது பெங்களூரு ஜே.சி. ரோட்டில். ஆகவே ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். காரை எடுத்துப் போகவில்லை. திருப்பத்தூர் பஜாரிலேயே எனக்கு வண்டி ஓட்ட வியர்க்கும்.

ஜோலார்பேட்டையில் காலை 5.50க்கு ரயில். பெங்களூரு ஏறக்குறைய 145 கிலோமீட்டர், இருக்கை முன்பதிவோடு எண்பத்தைந்து ரூபாய். 8.25க்கு சிட்டி ஸ்டேஷன். முன்வாசல் பக்கம் போகாதீர்கள். ஒக்கலிபுரம் பக்கத்து வாசலில் கூட்டம் குறைவு, வண்டி நிற்கவும் இடம் இருக்கும். அங்கேதான் டிரைவர் சேகர் காத்திருந்தார். எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர், 2,200 ரூபாய் என்று முதல் நாளே போனில் பேசி வைத்திருந்தேன்.

சேகருக்கு ஐம்பது வயது இருக்கும். வீடு நீலசந்திராவில். தாத்தா காலத்திலேயே வட ஆற்காட்டிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பம். போலீஸ்காரரிடம் கன்னடம், பக்கத்து ஆட்டோக்காரரிடம் உருது, என்னிடம் தமிழ் என்று ஒரே சிக்னலில் மூன்று மொழி பேசினார். முதலில் மேடம் என்றவர், நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரிந்ததும் டீச்சருக்கு மாறினார்.

அவர் காரிலும் ஒரு தொடுதிரை பிளேயர் இருந்தது. ஸ்பீக்கர் முன்கதவுகளில் மட்டும், பக்கத்துக்கு ஒன்று. ஆராய்ச்சியை அங்கேயே தொடங்கலாமா என்று கேட்டேன். என்னிடம் ஒரு வயலின் பதிவு உண்டு. அதன் ஒவ்வொரு வில் இழுப்பும் எனக்கு மனப்பாடம். அதைச் சுருக்காத கோப்பாக பென் டிரைவிலும் போனிலும் வைத்திருந்தேன். இரண்டு ஸ்பீக்கரும் சம தூரத்தில் இருக்கட்டும் என்று பின் சீட்டில் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

"நடுவுல உக்காந்தா மூணு பேர் சார்ஜ், டீச்சர்" என்றார் சேகர்.

இங்கே ஒரு சின்னப் பாடம். போன், பாட்டை அப்படியே காற்றில் அனுப்பாது. சுருக்கித்தான் அனுப்பும். நான் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசியதை நல்ல மாணவி ஒருத்தி ஒன்றரைப் பக்கத்தில் எழுதிவிடுவாள். எதை விட்டாள் என்று தேடினால்தான் தெரியும். ப்ளூடூத் அப்படி ஒரு மாணவி. பென் டிரைவில் போட்டுக் கேட்பது முழு நோட்டுப் புத்தகத்தைப் படிப்பது போல. அவள் விட்டது காரில் போகிறவர் காதுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

சேகர் திரையை ஒரு செய்தித்தாளால் மறைத்துக்கொண்டார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பென் டிரைவ் அல்லது ப்ளூடூத், அவர் இஷ்டப்படி மாற்றுவார். எது என்று நான் சொல்ல வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஜே.சி. ரோடு நாலு கிலோமீட்டர்கூட இல்லை. நாற்பது நிமிடம் ஆனது. பத்து முறை சோதிக்கத் தாராளமான நேரம். பத்துக்கு ஆறு சரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலே ஐந்து வந்திருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். வயலின் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. தலைக்குள் எங்கேயோ மிதந்தது. போக்குவரத்து இரைச்சல்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். முப்பத்தொரு வருடம் அலைகளைப் பற்றிப் பாடம் எடுத்தவள் அந்த இடத்தில் இன்னும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். கடைகள் பத்தரைக்கு முன் திறப்பதில்லை. தட்டு அகலத்துக்கு இருக்கும் தட்டே இட்லியும் காபியும் சாப்பிட்டு, இரண்டு பேருக்கும் 150 ரூபாய் கொடுத்துவிட்டு, மூடிய ஷட்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திறந்ததும் நான்கு கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் சுவர் நிறைய ஸ்பீக்கர் பதித்த ஒரு பலகை இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றாகப் பாடும். ஏ.சி. அறையில், அதிர்வே இல்லாமல் எல்லாம் அற்புதமாகக் கேட்கும். அதில் மயங்க வேண்டாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பாட்டைக் கையோடு கொண்டுபோய் அதை மட்டும் போடச் சொல்லுங்கள். நான் நடுத்தர விலையில் ஒரு பிளேயரும் ஒரு ஜோடி கதவு ஸ்பீக்கரும் வாங்கினேன், 9,800 ரூபாய். மாட்டுவதை எங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டே காலுக்குக் காரில் ஏறியதும் சேகர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மூன்று மணிக்குள் ஆஸ்டின் டவுனில் ஓரிடத்துக்கு அவர் போக வேண்டும், பத்து நிமிட வேலை, என்னையும் அழைத்துப் போகலாமா என்று. எனக்கு ஐந்தே காலுக்குத்தான் ரயில். என்ன வேலை என்று விசாரித்தேன்.

அவர் மனைவி மல்லிகா. ஒரு அலுவலக கேன்டீனில் சமையல் வேலை. அவர்கள் போகும் புத்த விகாரையில் ஏழு பேர் கொண்ட பாட்டுக் குழு இருக்கிறது. பதினோரு வருடமாக மல்லிகாதான் அதில் முதல் குரல். புத்த பூர்ணிமா ஊர்வலத்துக்காக முதல் முறையாக ஒரு பாட்டைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆஸ்டின் டவுனில் ஒரே அறையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் டேனியல்தான் பதிவு செய்தவர். அவருக்கு ஒரு பழக்கம். பாட்டைத் தயார் செய்து பென் டிரைவில் கொடுத்து, காரில் கேட்டுவிட்டு வரச் சொல்வார். காரில் சரியென்று பட்டால்தான் முடித்துத் தருவார். அறைக்குள் எல்லாப் பாட்டும் நல்ல பாட்டுத்தான், ஜனங்கள் கேட்பது காரில் என்பது அவர் கணக்கு. பலகை நிறைய ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அது நியாயமாகவே பட்டது.

குழுவில் கார் இருப்பது சேகரிடம் மட்டும். அதில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்து கேட்டார்கள். டோலக்கும் கீபோர்டும் தூக்கலாக இருக்க, மல்லிகாவின் குரல் நூல் மாதிரி வந்தது. டேனியல் இரண்டு முறை குரலை ஏற்றிக் கொடுத்தார். அப்போதும் அதில் சதை இல்லை. போனில் கேட்டால் நன்றாகத்தான் இருந்தது. போனில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று குழுவின் செயலாளர் தள்ளிவிட்டார். கடைசியில் வெளியிலிருந்து மேடையில் பாடும் ஒரு பெண்ணை வைத்துத் திரும்பப் பாட வைப்பது என்று முடிவாகிவிட்டது. இன்று மூன்று மணிக்கு அந்தப் பெண் பாடுகிறார். மெட்டைச் சொல்லிக் கொடுக்க மல்லிகாவே அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போகிறார். டேனியல் கொடுத்த பென் டிரைவை சேகர் அதற்குள் திருப்பித் தர வேண்டும்.

"நான்தான் டீச்சர் மொதல்ல சொன்னேன், குரல் எடுபடலன்னு. பொண்டாட்டின்னு மறைக்கக் கூடாதுன்னு சொன்னேன். நாலு நாளா வீட்ல சோறு வருது, பேச்சு வரல."

பாட்டைப் போடச் சொன்னேன். போனிலிருந்து ப்ளூடூத்தில் போட்டார். அவர் சொன்னது சரி. தூரத்து அறையில் யாரோ பாடுவது போல இருந்தது. எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. ப்ளூடூத் சுருக்கியதில் குரல் போய்விட்டது என்று அடித்துச் சொன்னேன். காலையில் பத்துக்கு ஆறு வாங்கியவள் பேசுகிற பேச்சா இது? சேகர் டேனியல் கொடுத்த பென் டிரைவைச் செருகினார். அதே நூல் குரல். கோப்பைப் பார்த்தேன், சுருக்காத கோப்பு. என் கண்டுபிடிப்பு அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

அந்த நேரத்தில் என் கணவர் போன் செய்தார். நான் பேச வசதியாக சேகர் திரையில் எதையோ தள்ளினார். ஓடிக்கொண்டிருந்த பாட்டு அவர் பக்கக் கதவுக்கு மட்டும் போனது. பயணி போனில் பேசினால் அவர் வழக்கமாகச் செய்வது அது. நான் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வலது கதவிலிருந்து ஒரு பெண் குரல், கனத்து, அடித்தொண்டையிலிருந்து எழுந்து வந்தது. பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, பிறகு கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன்.

"இது யார் பாடறது?"

"மல்லிகாதான் டீச்சர். அதே பாட்டு."

இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னேன். குரல் மெலிந்தது. இடது மட்டும். குரல் திரும்பி வந்தது. மறுபடி இரண்டும். போய்விட்டது. சேகர் வண்டியை ஓரம் கட்டினார். அவரே இன்னும் மூன்று முறை தள்ளிப் பார்த்தார். ஒரு ஸ்பீக்கரில் இருக்கும் குரல் இரண்டு ஸ்பீக்கரில் இல்லாமல் போவது எப்படி?

ஒரு பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று தள்ளினால் வேகமாக நகரும். ஆளுக்கு ஒரு முனையில் நின்று எதிரெதிராகத் தள்ளினால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே வந்து காற்றைத் தள்ளும், பின்னே போய் இழுக்கும். இரண்டு கதவிலும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால், இரண்டிலும் சமமாக வரும் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். பதிவில் முதல் குரலை இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைப்பார்கள். டோலக்கை ஒரு பக்கம், கீபோர்டை மறு பக்கம் வைப்பார்கள். அவை தப்பித்துவிடும். மாட்டிக்கொள்வது குரல் மட்டும்.

சமீபத்தில் கதவில் ஏதாவது வேலை நடந்ததா என்று கேட்டேன். போன மாதம் ஒரு ஆட்டோ இடித்து இடது கதவை மாற்றியிருக்கிறார்கள். பட்டறைக்காரர் ஸ்பீக்கரை மாட்டாமல் கையில் கொடுத்துவிட, சேகரே ஒயரை ஒட்டுப் போட்டு இணைத்திருக்கிறார்.

"ரெண்டு ஒயருதானே டீச்சர். எப்படி மாட்டினாலும் பாடுச்சு. சும்னே அப்படியே விட்டுட்டேன்."

அதுதான் இதில் வேடிக்கை. எப்படி மாட்டினாலும் பாடும். தனியாக ஓட்டும்போது ஒலியைத் தன் பக்கம் மட்டும் வைத்துக்கொள்கிற அவருக்கு ஒரு மாதமாக எந்தக் குறையும் தெரியவில்லை. மனைவியின் பாட்டு என்பதால் மரியாதையாக இரண்டு ஸ்பீக்கரையும் திறந்திருக்கிறார். அன்றுதான் குரல் காணாமல் போனது.

ஜே.சி. ரோட்டுக்கே திரும்பினோம். ஒரு சந்தில் ஸ்பீக்கர் மாட்டித் தரும் பாய் ஒருவர் கதவின் உள்பலகையைக் கழற்றினார். டார்ச்சில் போடுகிற சின்ன பேட்டரியை எடுத்து ஒயர் முனைகளில் ஒரு நொடி தொட்டார். சரியாக மாட்டியிருந்தால் கூம்பு வெளியே எட்டிப் பார்க்கும். இது உள்ளே போனது. "உல்டா" என்றார். இருபது நிமிடம், 150 ரூபாய்.

மறுபடி போட்டுக் கேட்டோம். இப்போது மல்லிகாவின் குரல் நடுவில், காரின் முன்கண்ணாடிக்கு அருகே யாரோ நின்று பாடுவது போல வந்தது. டேனியல் இரண்டு முறை ஏற்றியிருந்ததால் டோலக்கை மிதித்துக்கொண்டு நின்றது. தேவைப்பட்டது முதலில் செய்த பதிவுதான்.

1.25க்குக் கிளம்பி, ஆஸ்டின் டவுனை நெருங்க ஐம்பது நிமிடம். இரைச்சல் குறைந்த ஒரு தெருவில் எஞ்ஜினை அணைத்து வயலினை மீண்டும் பத்து முறை சோதித்தேன். எட்டு சரி. வண்டி ஓடும்போது ஐந்து. அடிப்படை சரியாக இருந்து, வண்டியும் நின்றால்தான் பென் டிரைவின் மேன்மை கேட்கிறது. ஓடும் வண்டியில், என் காதுக்கு, ப்ளூடூத் போதும். கணக்கு ஆசிரியைக்கு அன்று மாலையே இதை எழுதி அனுப்பினேன்.

ஸ்டூடியோவுக்கு முன்னால் வந்ததும் சேகர் இறங்கவில்லை. "நீங்களே சொல்லிடுங்க டீச்சர். படிச்சவங்க சொன்னா ஒத்துப்பாங்க" என்றார். அலையைப் பற்றி நான் சொல்கிறேன், ஒயரைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள் என்று பிரித்துக்கொண்டோம்.

உள்ளே மணி இரண்டரை. செயலாளர் ஒரு நாற்காலியில். மேடைப் பாடகி கையில் வரிகள் எழுதிய தாள். மல்லிகா கேன்டீன் சீருடையோடு நின்றபடி, எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று பாடிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன அறையில் அந்தக் குரலைக் கேட்டதும், இதையா மெலிசு என்றார்கள் என்றிருந்தது. சேகர் வாசலிலேயே நின்று சொன்னார்.

"தப்பு என்னுது. கதவு ஸ்பீக்கர் ஒயர நான்தான் மாத்தி மாட்டிட்டேன். அதனாலதான் உன் குரல் போச்சு. இவங்க டீச்சர், இவங்கதான் கண்டுபிடிச்சாங்க."

மல்லிகா என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"நாலு நாளா என் தொண்டைக்கு இஞ்சி தட்டித் தட்டிக் குடுத்தியேய்யா. அத்த ஒயருக்குக் குடுக்கறதுதானே."

பாடகி வாயைத் தாளால் மூடிக்கொண்டார். டேனியல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவரிடம் இருப்பது ஸ்கூட்டர். வேறொரு காரில் கேட்கச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. நல்லவேளை, முதல் பதிவைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு வந்தோம். பெஞ்சு உதாரணத்தை நான் காருக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு முறை சொன்னேன். அதைவிட, பின் சீட்டின் நடுவில் மல்லிகாவை உட்கார வைத்தது பலன் தந்தது. கண்ணை மூடிக் கேட்டார். வலது மட்டும் வைக்கச் சொன்னார், இடது மட்டும், பிறகு இரண்டும்.

"சரி, இதையே வெச்சுக்கலாம்" என்றார் செயலாளர், கொஞ்சம் கூச்சத்தோடு. "மல்லிகா குரலே இருக்கட்டும். முடிச்சிடலாம்."

மல்லிகா இறங்கவில்லை. இரண்டாவது சரணத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். கேட்டார். இன்னொரு முறை கேட்டார்.

"வேணாம். கடைசி வரியில மூச்சு பத்தாம விட்டுட்டேன். இம்மா நாள் குரலே கேக்கல, அதனால அதுவும் தெரியல. திரும்பப் பாடிடறேன்."

ஊர்வலத்தில் அந்தச் சத்தத்துக்கு நடுவே யாருக்குக் கேட்கப்போகிறது, விட்டுவிடுங்கள் அக்கா என்றார் பாடகி.

"ஊர்வலத்துல கேக்காது. இந்த டீச்சர் மாதிரி எவங்களாவது நடு சீட்ல உக்காந்து கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு மல்லிகா உள்ளே போனார். டேனியல் பின்னாலேயே ஓடினார்.

மூன்று மணிக்கு வேறொருவர் பாட வேண்டிய ஒலிவாங்கியின் முன் மல்லிகா நின்றார். அறையைத் தடுத்திருந்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாடகி உட்கார்ந்து, மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் கையைத் தூக்கிக் காட்டினார். மல்லிகா நான்கு முறை பாடினார். நான்காவதில் கடைசிச் சொல் தேயாமல் முழுதாக வந்து நின்றது. சேகர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

4.25க்கு என்னைக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் விட்டார்கள். மல்லிகாவும் வந்தார், முன் சீட்டில். மொத்தம் 21 கிலோமீட்டர்.

ரயிலில் எனக்கு ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. குறை பாட்டில் இருக்கிறதா, கேட்கும் கருவியில் இருக்கிறதா என்று பார்க்காமலேயே பாடியவரை மாற்ற ஆறு பேர் சம்மதித்திருக்கிறார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். வகுப்பில் கரும்பலகை பளபளத்து எழுத்து தெரியாதபோது, கவனிக்கவில்லை என்று மாணவியை எழுப்பி நிறுத்தியவள் நானும்தான்.

நீங்கள் இதற்காகப் பெங்களூரு போவதானால் ஞாயிறு தவிர மற்ற நாளில், பதினோரு மணிக்கு மேல் ஜே.சி. ரோட்டுக்குப் போங்கள். பார்க்கிங் கிடைக்காது, டிரைவரோடு போவது நல்லது. விலை உயர்ந்த பிளேயர் வாங்கும் முன் இருக்கிற ஒயரைச் சோதியுங்கள். அதற்குப் பெங்களூரு வரைகூடப் போக வேண்டியதில்லை.

இன்றைக்கே உங்கள் காரை நிறுத்தி, எஞ்ஜினை அணைத்து, பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, ஒருவர் தனியாகப் பாடும் பாட்டைப் போடுங்கள். ஒலியை இடதுக்கு மட்டும், வலதுக்கு மட்டும், பிறகு இரண்டுக்கும் வைத்து, குரல் எப்போது கனமாக இருக்கிறது என்று கேளுங்கள்.